கிளிநொச்சி நேரம், மொன்றியல் நேரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மகன். மருமகள் கவியா உன்னைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் கண்ணால் கண்டதையும், நம் வீட்டு மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து காதில் விழுந்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குளிர்கால நேரத்துக்காக மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினோம். அப்பா கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைத் திருப்பினார். அடுப்பையும் மைக்ரோவேவையும் நான் பார்த்துக்கொண்டேன். இந்த வருஷம் புதிய சட்டப்படி ஒக்டோபரில் மாற்றாமல் நவம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால் எல்லாருக்கும் ஒரு குழப்பம். உனக்கு அந்தக் குழப்பமும் இல்லை. சஸ்காச்சுவானில் வருஷம் முழுக்க ஒரே நேரம், மணிக்கூட்டில் கை வைக்கிற வேலையே இல்லை என்று வேலைக்குப் போகும்போதே பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாய்.

திங்கட்கிழமை நீ வழமைபோல உன்னுடைய பின்னேரம் ஆறு மணிக்குத் தொலைபேசி எடுத்தாய். போன கிழமைவரை அது எங்களுக்கு எட்டு மணி. இப்போது ஏழு மணி. கவியா அந்த நேரம் பல்கலைக்கழகத்திலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தாள். நிலத்துக்குக் கீழே அவளுடைய கைத்தொலைபேசி வேலை செய்யாது. வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டாள், "அத்தை, அவர் ஃபோன் பண்ணாரா?" நான், "ஓம் பிள்ளை, ஏழு மணிக்கு எடுத்தவன்" என்றேன். "ஏழு மணிக்கா? எட்டு மணிக்குத்தானே பண்றேன்னு சொன்னார்" என்றாள். அடுத்த நாள் அவள் உனக்காக ஆய்வுகூடத்திலிருந்து முன்னதாகவே கிளம்பி ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். நீயோ அவளுக்காக ஒரு மணித்தியாலம் பிந்தி எடுத்தாய். இரண்டு பேரும் மற்றவருக்காக மாற்றிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகும் சண்டைதான் வந்தது. "எப்பவும் நான்தான் காத்துக்கிட்டு இருக்கணும்னு நினைக்கிற" என்று அவள் அறைக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏறக்குறைய ஊகிக்க முடிகிறது. "நான் சொன்ன நேரத்துக்குத்தானே எடுத்தேன்" என்றுதான் சொல்லியிருப்பாய். இதே மாதிரிச் சொல்லை உன்னுடைய குணம் சித்தப்பா தன் அறையில் நின்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மலர் சித்தி அவரை வேண்டாம் என்று சொன்ன கதையை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். அப்போது நீ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணிக்கு முன் நீ எழும்பியதாக எனக்கு நினைவில்லை.

அது சமாதான காலம். கொழும்பிலிருந்து வன்னிக்குப் போகிற பாதை திறந்திருந்தது. மலர் சித்தி கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, எங்கள் அப்பாவின் தங்கையான மாமியின் வீட்டில் இருந்தாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் இறந்துபோன பிறகு மாமிதான் அவளுக்கு எல்லாம். குணம் இங்கே வில்லரேயில் நமக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தார். நகரத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலை. குடிக்காத, அதிகம் கதைக்காத, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற மனுஷன். உன் அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சாதகம் பொருந்தியது, படங்கள் போய் வந்தன, மாமிக்குச் சம்மதம். மலர் மட்டும், "முதல்லை நான் அவரோடை கதைக்கவேணும் அக்கா. கதைச்சுப் பாத்துத்தான் சொல்லுவன்" என்றாள். மாமி வீட்டில் தொலைபேசி இல்லை. சந்தியில் ஒரு கொமினிக்கேஷன் கடை இருந்தது. வெளிநாட்டு அழைப்புக்கு ஊரே அங்கேதான் வரும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அவள் அந்தக் கடைக்குப் போவது, குணம் இங்கிருந்து எடுப்பது என்று பேசிக்கொண்டோம்.

முதல் ஞாயிறே பிழைத்தது. கொழும்பில் இருந்த தன் அண்ணையிடம் நேரம் கேட்டு, பத்து மணித்தியாலம் என்று கணக்குப் போட்டு, குணம் காலை ஏழு மணிக்கு எடுத்திருக்கிறார். கடைக்காரர், "அப்பிடி ஒரு பிள்ளையும் இஞ்சை வரேல்லையே தம்பி" என்று வைத்துவிட்டார். பத்து மணித்தியாலம் கொழும்புக்குச் சரி. கிளிநொச்சிக்குச் சரியில்லை, அங்கே அப்போது நாலரைதான். உனக்கு இது புதிதாக இருக்கும். பல வருஷங்களுக்கு முன் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. கிளிநொச்சி இருக்கிற வன்னியை வைத்திருந்த இயக்கம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, அங்கே பழைய நேரத்திலேயே இருந்துவிட்டார்கள். அதனால் அந்தச் சின்னத் தீவுக்குள் அரை மணித்தியால வித்தியாசத்தில் இரண்டு நேரம் ஓடியது. வவுனியாவிலிருந்து வடக்கே போகிறவர்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டியதும் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைப்பார்கள். திரும்பி வரும்போது முன்னுக்கு வைப்பார்கள். சனங்கள் ஒரு நேரம் சொன்னால் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்பது அங்கே சாதாரணம். இங்கே பத்து வருஷமாக இருந்த குணத்துக்கு அது தெரிய நியாயமில்லை. நான் விளக்கிச் சொன்னதும், "அப்ப ஏழரைக்கு எடுக்கவேணும், அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் நன்றாகப் போயின. என்ன கதைத்தார்கள் என்று மலர் எனக்குச் சொல்வாள். குணம் கதைக்கத் தெரியாதவர் அல்லவா, சமையலறையில் அன்று என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்வாராம். முயல் இறைச்சியை எப்படி வைன் ஊற்றிச் சமைப்பது என்று ஒருநாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார். மலர் மச்சம் மாமிசம் தொடாதவள். "கேட்டுக்கொண்டிருந்தனான் அக்கா. அந்த மனுசன் வேறை ஆரிட்டையும் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார் போல" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு, நான் அவளுக்குச் சீலை பார்க்கலாம் என்று நினைத்தேன்.

ஒக்டோபர் கடைசியில் நாங்கள் இங்கே மணிக்கூட்டைத் திருப்பினோம். குணமும் தன்னுடைய அறையில் திருப்பியிருக்கிறார். திருப்பிவிட்டு, வழமைபோல ஏழரைக்கு எடுத்திருக்கிறார். மொன்றியலில் அதே ஏழரை. கிளிநொச்சியில் ஆறு மணி. மலர் ஐந்து மணிக்கே போய் அந்தக் கடை வாங்குப் பலகையில் இருந்திருக்கிறாள். ஐந்தேகால், ஐந்தரை. வேறு ஆட்களுக்கு லண்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அழைப்பு வருகிறது. அவளுக்கு வரவில்லை. அவளிடம் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தி, "என்ன ரீச்சர், கனடா மாப்பிளை இன்னும் நித்திரையால எழும்பேல்லையோ?" என்று கேட்டிருக்கிறாள். பகிடியாகத்தான். மலர் சிரித்துவிட்டு இருந்தாள். இருட்டத் தொடங்க எழும்பிப் போய்விட்டாள். அவள் சைக்கிளில் ஏறிய கையோடு குணத்தின் அழைப்பு வந்திருக்கிறது. சன நெரிசலில் கடைக்காரர் ஆள் இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார், அவளிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. இந்த முறை அவள் அரை மணித்தியாலம்தான் இருந்தாள்.

இங்கே குணம் என்ன நினைத்தார் தெரியுமா? நான் சரியாக எடுக்கிறேன், அவள்தான் இருப்பதில்லை என்று. கோயிலில் என்னைக் கண்டபோது செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்கு விருப்பமில்லைப் போலக் கிடக்கு அக்கா. வற்புறுத்த வேண்டாம்" என்றார். நான் பதறிப்போய், கடைக்காரரிடம் சொல்லி அனுப்பி, வேறொரு நாள் மலரைப் பிடித்தேன். அவள் என்னைக் கதைக்க விடவில்லை.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் அக்கா."

"ஏன் மலர், என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் பிரச்சினை. ரெண்டு கிழமையா நான் அந்த வாங்கிலை போய் இருந்தனான். ஊர்ச்சனம் எல்லாம் பாத்தது. ஒரு போன் எடுக்க நினைவில்லாத மனுசனோடை நான் அங்கை வந்து என்ன செய்யிறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் வீட்டு மைக்ரோவேவ் மணிக்கூட்டை நான் இன்னும் திருப்பவில்லை. அது ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அவளுக்குச் சொன்னேன். இங்கே குளிர்காலம் வந்தால் ஊருக்கே நேரம் மாற்றுவார்கள், குணம் எடுத்தது உண்மைதான், உனக்கு அது ஆறு மணி ஆகிவிட்டது, அவரில் பிழையில்லை என்று. அவள் என்னைச் சொல்லி முடிக்க விட்டாள். பிறகு கேட்டாள்.

"அவர் அங்கை எத்தினை வருஷம் அக்கா?"

"பத்து வருஷம் வரும்."

"அப்ப பத்துத் தரம் மாத்தியிருப்பார். நேரம் மாறினது அவருக்குத் தெரியும். இஞ்சை மாறாது எண்டதும் யோசிச்சால் தெரியும். யோசிக்கேல்லை. நானும் அதைத்தான் சொல்லுறன்."

அவள் சொன்னது சரி, மகன். இன்றைக்கும் அது சரிதான். பிறகு கெஞ்சினேன். ஒரே ஒரு தரம் கதை, பிறகு உன் விருப்பம் என்றேன். அவள் யோசித்து ஒரு முடிவு சொன்னாள். "சரி. ஆனால் இனி நான் போய்க் காத்திருக்க மாட்டன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானே எடுப்பன். எத்தினை மணிக்கு எண்டு சொல்ல மாட்டன். விருப்பமெண்டால் அவர் காத்திருக்கட்டும்."

அன்று பின்னேரம் நானும் அப்பாவும் குணத்தின் அறைக்குப் போனோம். அவர் மறுநாள் வேலைக்கான வெள்ளைச் சட்டையைச் சுருக்கம் போக மினுக்கிக்கொண்டிருந்தார். நான் நேரக் கணக்கைச் சொன்னதும் முகம் தெளிந்தது. "பாத்தீங்களோ, நான் சரியாத்தான் எடுத்திருக்கிறன்" என்றார். நான் மலர் சொன்னதையும் சொன்னேன். ஊர்ப் பெண்கள் கேட்டதையும் சொன்னேன். அவர் மினுக்குப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எவ்வளவு நேரம் இருந்தவ?"

"ஒரு மணித்தியாலம் வரும்."

"தனியவோ?"

"தனியத்தான். சனத்துக்கு நடுவிலை."

அப்பாதான் மலரின் நிபந்தனையைச் சொன்னார். குணத்தின் அறையில் தொலைபேசி இணைப்பை அதே வீட்டில் இருந்த மற்ற ஆட்களும் பாவிப்பார்கள், எப்போதும் யாராவது கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மலர் எங்கள் வீட்டுக்கு எடுப்பதென்று ஏற்பாடு. "எத்தினை மணிக்கு வரட்டும்?" என்று குணம் கேட்டார். "அதுதான் தெரியாதே" என்றேன். "அங்கை பின்னேரம் எண்டால் மூண்டு மணியும் பின்னேரம்தானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு விடியுமுன் நாலரைக்கு, அங்கே பின்னேரம் மூன்று மணிக்கு, கதவு மணி அடித்தது. நான் எழும்பிப் போய்த் திறந்தால், மேலங்கியின் தோளில் பனியோடு நிற்கிறார். முதல்நாள் வேலை முடிந்து போய்க் குளித்துவிட்டு, படுக்காமலே வந்திருக்கிறார். முகம் மழித்து, நல்ல சேர்ட் போட்டிருந்தார். தொலைபேசியில் முகம் தெரியாது என்பதை யார் அவருக்குச் சொல்வது? குசினியில் தொலைபேசிக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அப்பா எழும்பி வந்து, தான் வேலை செய்கிற புவாண்ட்-கிளேர் கிடங்கில் நடந்த கதைகளைச் சொல்லிப் பார்த்தார். குணம் தலையாட்டினார், காது அங்கே இல்லை. வெளியே மெல்ல விடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரிலிருந்து பனியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தரம் தொலைபேசி அடித்தது. அவர் துள்ளி எழும்பினார். எடுத்தால் ஒரு பிரெஞ்சுக்காரி, பிழையான இலக்கம். "மெர்சி மெர்சி" என்று சொல்லி வைத்துவிட்டு, எதற்கு நன்றி சொன்னோம் என்று தெரியாமல் நின்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்திட்டுப் போங்கோ தம்பி. பாவம், நித்திரையும் இல்லை" என்றேன் நான்.

"இல்லை அக்கா. அவ எழும்பிப் போனவ. நான் போகக்கூடாது."

பிறகு அவர் தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டார். குளியலறைக்குப் போகவேண்டி வந்துவிடுமோ என்ற பயம் என்று நினைக்கிறேன். வெயில் சன்னலுக்கு வந்த பிறகுதான் மலரின் அழைப்பு வந்தது. நான் எடுத்து, "இந்தா, இருக்கிறார்" என்று கொடுத்துவிட்டு நகரப் பார்த்தேன். தொலைபேசிக் கம்பி சின்னது, குசினி சின்னது. நானும் அப்பாவும் கேட்காமல் இருக்க வழியில்லை. குணத்தின் பக்கத்தைத்தான் கேட்டோம். மலரின் பக்கத்தை அவள் பிறகு சொன்னாள்.

"கனநேரம் இருந்தனீங்களோ?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது. விடியமுதல் வந்தனான்."

"ஆராவது சிரிச்சவையோ?"

"இல்லை. உங்கடை அக்காவும் அத்தானும் தேத்தண்ணி தந்தவை. ஆனால் எனக்கு விளங்கினது." கொஞ்சம் நிறுத்தி, "நான் நேரத்தைத்தான் பாத்தனான். உங்களைப் பாக்கேல்லை. அது பிழைதான்" என்றார்.

அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு வேலை வந்ததால் மலர் பிந்தினாள் என்று நான் பல நாள் நினைத்திருந்தேன். அவள் இங்கே வந்த பிறகு கேட்டபோது, "ஒரு வேலையும் இல்லை அக்கா. கடைக்கு முன்னாலை மரத்துக்குக் கீழை சைக்கிளோடை நிண்டனான். வேணுமெண்டுதான்" என்றாள். குணம் பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்" என்றார், வெட்டுவதை நிறுத்தாமல்.

அடுத்த வருஷம் கொழும்பில் கலியாணம் நடந்தது. மலர் மாமியோடு ஓமந்தை தாண்டி வந்தாள். ஐயர் முகூர்த்தம் சொன்னதும் குணம் அவளிடம், "இது புது நேரம். உங்கடை மணிக்கூட்டிலை அரை மணித்தியாலம் குறைச்சுப் பாருங்கோ" என்று சொல்லியிருக்கிறார். அவள் இன்னும் வன்னி நேரத்தில் மணிக்கூடு கட்டியிருந்ததை அவர் கவனித்திருந்தார். எனக்கு அந்தக் கலியாணத்தில் பிடித்தது அந்தச் செய்திதான். மாமி திரும்பிப் போய்விட்டார். மலருக்கு இங்கே வரப் பின்னும் ஒரு வருஷம் பிடித்தது.

கவியாவோடு உனக்கு நான் சொல்லக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. நேரம் சொல்லும்போது அவளுடைய நேரத்தில் சொல். "ஆறு மணிக்கு எடுக்கிறேன்" என்று சொல்லாதே, "உனக்கு எட்டு மணிக்கு எடுக்கிறேன்" என்று சொல். மார்ச்சில் நாங்கள் மணிக்கூட்டை முன்னுக்குத் திருப்பும்போது உனக்கு அது இன்னொரு ஞாயிறு மட்டும்தான். மாறாத ஊரில் இருக்கிறவனுக்கு யாரும் நினைவூட்டமாட்டார்கள். நீயாக நினைத்துக்கொள். பிந்திவிட்டால் கணக்குக் காட்டாதே. கணக்கு சரியாகத்தான் இருக்கும், அதனால்தான் அவளுக்குக் கூடக் கோபம் வரும். அவள் படிப்பு முடிந்து அங்கே வந்து சேரும்வரை காத்திருப்பது அவள் பங்காக மட்டும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள். சில நாள் நீ இரு, அவள் எடுக்கட்டும். இதையெல்லாம் அவளிடமும் சொல்லுவேன், அவளுடைய பங்கும் இதில் இருக்கிறது. ஆனால் நீ என் மகன், உனக்குத்தான் முதலில் சொல்லவேண்டும்.

இதை உனக்கு எழுத இன்னொரு காரணமும் உண்டு. போன வருஷம் சித்திரை வருஷப்பிறப்போடு அரசாங்கம் நேரத்தைப் பின்னுக்குத் திருப்பிப் பழைய நேரத்துக்கே கொண்டுவந்துவிட்டது. கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் இப்போது ஒரே நேரம். மலர் அதைக் கேட்டுச் சிரித்தாள், "இனி மாமிக்கு எடுக்க ஒரு கணக்கும் வேண்டாம்" என்றாள். சில மாதங்களில் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியது. பாதை மூடப்பட்டது. தொலைபேசியும் நின்றுபோயிற்று. மாமி சுகமாக இருக்கிறார் என்று யார் யார் மூலமோ ஒரு சொல் வந்தது, அதுவும் பழையது. ஆனாலும் ஞாயிறு காலையில் மலர் அந்தக் கடையின் இலக்கத்தைச் சுழற்றிப் பார்க்கிறாள். குணம் அவளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். மறுபக்கம் மணி அடிக்கிற சத்தமே வருவதில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு வைக்கிறாள்.

கவியா உனக்கு எடுத்தால் மணி அடிக்கும், மகன். நீ எடுத்தால் இங்கே மணி அடிக்கும். பிந்தி அடித்தாலும் அடிக்கும். சண்டை பிடிக்கவென்றாலும் எடு.

அம்மா